எகிப்தின் வெள்ளரிக்காய்களும் சோடோர்த் தீவின் என்ஜின்களும்

பாலைநிலத்தில் மன்னாவை உண்டு சலித்துப்போன இஸ்ரயேல் மக்கள், எகிப்தில் தாங்கள் உண்ட மீனையும் வெள்ளரிக்காயையும் கொம்மட்டிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் எண்ணி அழுதார்கள் என்று எண்ணிக்கை நூல் கூறுகிறது. அந்தப் பட்டியலில் பொய் ஒன்றும் இல்லை. அவற்றை அவர்கள் உண்டது உண்மையே. ஆயினும், செங்கல் அறுத்த கொடுமையும், மேற்பார்வையாளரின் சாட்டையும், நைல் ஆற்றில் எறியப்பட்ட ஆண் மகவுகளும் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. கடந்த காலத்திலிருந்து இனிப்பானதை மட்டும் எடுத்து உண்ணும் இத்தகைய நினைவையே நாம் ஏக்கம் என்கிறோம். அதே மக்களுக்கு இறைவன் வேறொரு நினைவையும் கற்பித்தார். பாஸ்கா இரவில் அவர்கள் ஆட்டு இறைச்சியைக் கசப்புக் கீரையோடு சேர்த்தே உண்ண வேண்டும். அந்த விருந்தில் கசப்பை விலக்கிவைக்க எவருக்கும் உரிமையில்லை.

இலக்கியத்திலும் இவ்விருவகை நினைவுகள் உண்டு. இளமையில் படித்த நூல்களை முதுமையில் தேடிச் செல்லும் பழக்கம் எல்லா நாட்டினருக்கும் பொது. அந்நூல்கள் நமக்குத் தருவது வெள்ளரிக்காயா, பாஸ்கா உணவா என்று கேட்பது திறனாய்வின் கடமை. அக்கேள்வியை இங்கிலாந்து நாட்டுச் சிறுவர் நூல்கள் சிலவற்றின் முன் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவற்றின் பொருள் இரயில் வண்டிகளும் அவற்றின் சிற்றுருவங்களும் ஆகும். அவற்றுள் தலைசிறந்த வரிசையை எழுதியவர் ஒரு பங்குக் குரு என்பது நம் கவனத்தை ஈர்க்கிறது. மேலும், அவர் படைத்த தாமஸ் என்னும் நீலநிற என்ஜின் இன்று நம் ஊர்க் குழந்தைகளின் பள்ளிப் பைகளிலும் முகம் காட்டுகிறது. எனவே அதன் பிறப்பிடத்தை நாம் அறிந்துகொள்வது நலம்.

ஒரு தலைமுறையின் புத்தக அலமாரி

லிவர்ப்பூல் நகரத்தைச் சேர்ந்த பிராங்க் ஹார்ன்பி என்பவர், துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணிகளால் பிணைத்துச் சிறுவர்கள் பாலங்களும் வண்டிகளும் கட்டும் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவிக்கு 1901-இல் காப்புரிமை பெற்றார். 1920-இல் சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை இரயில்களை அவருடைய நிறுவனம் வெளியிட்டது. 1938-இல் உண்மை வண்டியின் எழுபத்தாறில் ஒரு பங்கு அளவில் 'ஹார்ன்பி டப்லோ' என்னும் மின்சார இரயில்கள் வந்தன. உணவு மேசையின் மேலேயே ஓர் இரயில் பாதையை அமைத்துவிடலாம் என்ற நிலை பிறந்தது.

இந்த விளையாட்டை நூல்களே வளர்த்தன. 1925 முதல் வெளிவந்த 'ஹார்ன்பி இரயில் புத்தகம்' இதற்குச் சான்று. அதன் முற்பகுதியில் உண்மையான இரயில்வேயின் பாலங்களைப் பற்றியும் என்ஜின்களைப் பற்றியும் செம்மையான கட்டுரைகள் இருக்கும். பிற்பகுதி முழுவதும் நிறுவனத்தின் பொம்மைகளை வண்ணப் படங்களுடன் விலை குறித்துக் காட்டும் விற்பனைப் பட்டியல். அறிவும் ஆசையும் ஒரே அட்டைக்குள் கட்டப்பட்ட நூல் அது. 1942-இல் இயான் ஆலன் என்னும் இளம் இரயில்வே ஊழியர் மற்றொரு வகையைத் தொடங்கி வைத்தார். தெற்கு இரயில்வேயின் என்ஜின் எண்களை வரிசைப்படுத்தி அவர் வெளியிட்ட சிறு கையேடு பெரும் வரவேற்பைப் பெற்றது. பிற இரயில்வேக்களுக்கும் அத்தகைய கையேடுகள் வெளிவந்தன. சிறுவர்கள் நடைமேடையின் ஓரத்தில் நின்று, கடந்து செல்லும் ஒவ்வொரு என்ஜினின் எண்ணையும் அக்கையேட்டில் அடிக்கோடிட்டுக்கொண்டார்கள்.

அன்று அந்நூல்களைப் படித்த சிறுவர்களுள் பலர், முதியவர்களான பின், அவற்றைப் பெருவிலை கொடுத்துத் தேடினார்கள். ஹார்ன்பி இரயில்களைச் சேகரிப்போர் 1969-இல் தமக்கென ஒரு சங்கமே அமைத்துக்கொண்டார்கள். அலமாரியில் மங்கிய அட்டையுடன் ஒரு நூல், அதன் அருகே அந்நூலில் படமாக இருந்த என்ஜின், அந்த என்ஜினுக்கு அது விற்கப்பட்ட நாளில் இருந்த அதே அட்டைப் பெட்டி என்று சேகரிப்பு விரிகிறது.

இச்சேகரிப்பில் பொதிந்துள்ள ஒரு முரண்பாட்டை நாம் சுட்டிக்காட்டியாக வேண்டும். சேகரிப்போர் சந்தையில் மிகுந்த விலை பெறுவது, கீறல் இல்லாமல், பெட்டி குலையாமல் இருக்கும் பொம்மையே. அதாவது, எந்தக் குழந்தையும் ஆசைதீர விளையாடாத பொம்மை! தண்டவாளத்தில் ஓடித் தேய்ந்து, படிக்கட்டில் விழுந்து நசுங்கி, ஒரு சிறுவனுக்கு நூறு மாலைப்பொழுதுகளை மகிழ்ச்சியாக்கிய என்ஜின் மதிப்பிழந்துவிடுகிறது. தாலந்தை மண்ணில் புதைத்து வைத்து, வாங்கியபடியே பத்திரமாகத் திருப்பிக் கொடுத்த ஊழியனை இங்கே தலைவர் பாராட்டி விடுகிறார். குழந்தைப் பருவத்தை மீட்கப் புறப்பட்டவர்கள் குழந்தையின் கை படாததையே தேடி அலைகிறார்கள். பட்டியல் நூல் வளர்த்த ஏக்கம் இறுதியில் வந்து சேரும் இடம் இதுதான். இதை நாம் எகிப்தின் வெள்ளரிக்காய் என்போம்.

குருக்களும் சிறு உலகங்களும்

பொம்மை இரயிலை வெறும் உடைமையாகக் கொள்ளாமல், ஓர் உலகமாகக் கட்டியெழுப்பியவர்களும் உண்டு. அவர்களுள் குருக்கள் பலர் இருந்தனர் என்பது வியப்புக்குரியது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எட்வர்டு பீல் என்னும் சபைப் போதகர் 1930-களிலேயே மாதிரி இரயில் அமைப்பைப் பற்றி நூல்கள் எழுதினார். ஆங்கிலிக்கன் குருவான பீட்டர் டென்னி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஓடியிருக்கக்கூடிய ஒரு கிளைப் பாதையைக் கற்பனை செய்து, 'பக்கிங்காம்' என்னும் மாதிரி இரயிலாக அதைப் பல்லாண்டுகள் செதுக்கினார். தம்முடன் இருந்து ஒரு நிலையத்தை இயக்கி வந்த மகன் அருகில் இல்லாத காலத்தில், அந்த நிலையத்தைத் தானாகவே இயக்கும் பொறி ஒன்றை அமைத்து, அதற்கு மகனின் பெயரையே அவர் வைத்தார். லெஸ்டர்ஷயரின் கேட்பி என்னும் ஊரில் பங்குக் குருவாக இருந்த டெடி பாஸ்டன், தம் இல்லத் தோட்டத்திலேயே 1963-இல் ஓர் உண்மையான குறும்பாதை இரயிலை ஓட விட்டார்.

இக்குருக்களை விளையாட்டுப் பிள்ளைகள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், கத்தோலிக்க எழுத்தாளர் செஸ்டர்டன் 1936-இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில், தம் தந்தை அமைத்துத் தந்த பொம்மை நாடக அரங்கையே தம் முதல் நினைவாக வைத்துப் பேசுகிறார். எல்லை வகுக்கப்பட்ட சிறு இடத்திற்குள்தான் வியப்பு குவிந்து ஒளிர்கிறது என்பது அவர் கொள்கை. நம் கிறிஸ்து பிறப்புக் குடிலை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். களிமண் ஆடும் வைக்கோல் கூரையும் அளவில் சிறியவை. ஆனால் அவை காட்டும் உண்மை சிறியதன்று. சிற்றுருவம் அன்போடு செய்யப்படும்போது, அது உடைமையாக இராமல் வணக்கத்திற்கு அருகில் வந்துவிடுகிறது.

அக்குருக்களின் வரிசையில் வருபவர்தாம் வில்பர்ட் ஆட்ரி. 1911-இல் ஹாம்ப்ஷயரில் ஒரு குருவின் மகனாகப் பிறந்தவர். தந்தையும் தோட்டத்தில் மாதிரி இரயில் அமைத்தவரே. பின்னர் குடும்பம் பாக்ஸ் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அவ்வூரின் ஏற்றத்தில் சரக்கு வண்டியை இழுக்கும் என்ஜினும் பின்னாலிருந்து தள்ளும் என்ஜினும் இரவில் மூச்சிரைக்கும் ஒலியைப் படுக்கையிலிருந்து கேட்ட சிறுவனுக்கு, அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதாகத் தோன்றிற்று. அந்தச் சிறுவன் வளர்ந்து 1936-இல் திருப்பணியாளரானார். போரை மனச்சான்றின்படி மறுத்ததால், 1940-இல் உதவிப் பங்குப் பணியை இழந்து பர்மிங்காம் பகுதிக்குச் சென்றார். அங்கே, தட்டம்மை கண்டு இருட்டறையில் படுத்திருந்த தம் மகனுக்குச் சொன்ன கதைகளே பிறகு நூலாயின. 'மூன்று இரயில் என்ஜின்கள்' 1945-இல் வெளிவந்தது. 1946-இல் இரண்டாம் நூலில் தாமஸ் தோன்றினான். 1972 வரை அவர் 26 சிறு நூல்களை எழுதினார். 1983 முதல் அவர் மகன் அப்பணியைத் தொடர்ந்தார்.

இக்கதைகள் நடக்கும் தீவின் பெயர் சோடோர். அப்பெயர் வந்த வழி நம்மைப் போன்ற மறைமாவட்ட இதழ் வாசகர்களுக்குச் சுவையானது. ஐரியக் கடலில் உள்ள மேன் தீவின் ஆங்கிலிக்கன் மறைமாவட்டத்திற்குச் 'சோடோரும் மேனும்' என்று பெயர். ஆட்ரி அங்குச் சென்றபோது, மேன் என்னும் தீவு இருக்கிறது, சோடோர் என்னும் இடம் இல்லையே என்று கவனித்தார். ஆயருக்கு ஒரு பெயர் இருக்க, அதற்குரிய நிலம் இல்லை! அந்த வெற்றிடத்தில் தம் தீவை வைத்து, தம் சகோதரருடன் சேர்ந்து அதற்கு வரைபடமும் வரலாறும் மொழியும் புனிதரும் அமைத்துக் கொடுத்தார். திருச்சபையின் பழம்பெயர் ஒன்றின் மேல் எழுந்த கற்பனை நாடு அது.

சுவர் எழுப்பப்பட்ட சுரங்கம்

இனி நூல்களுக்குள் செல்வோம். ஆட்ரியின் என்ஜின்களுக்கு முகம் உண்டு, பேச்சு உண்டு. ஆனால் தண்டவாளத்தை விட்டு அவை விலக முடியாது. இந்தக் கட்டுப்பாட்டிலிருந்தே கதைகள் பிறக்கின்றன. கார்டன் செருக்குள்ளவன், ஜேம்ஸ் தன் சிவப்பு வண்ணத்தில் மயங்குகிறவன், தாமஸ் அவசரக்காரன், எட்வர்டு வயதானவன், பொறுமையுள்ளவன். இவர்களுக்கு நேரும் விபத்துகள் பலவும் உண்மையான இரயில்வேயில் நேர்ந்தவற்றைத் தழுவியவை. இவற்றில் மந்திரம் இல்லை; செயல் இருக்கிறது, செயலின் விளைவும் இருக்கிறது.

முதல் நூலில் ஹென்றியின் கதை புகழ்பெற்றது. மழை பெய்தால் தன் பச்சை வண்ணம் கெட்டுவிடும் என்று அஞ்சி, சுரங்கப் பாதையை விட்டு வெளியே வர அவன் மறுக்கிறான். பயணிகள் இழுத்தும் தள்ளியும் பயனில்லை. இறுதியில் இயக்குநர் சுரங்கத்தின் வாயில் சுவர் எழுப்பிவிடுகிறார். மற்ற என்ஜின்கள் கடந்து செல்வதைப் பார்த்தபடி ஹென்றி உள்ளேயே நிற்கிறான். கதை அவ்வளவே. படித்த குழந்தைகள் பலர் கலங்கினார்கள் என்றால் வியப்பில்லை. இது தண்டனையின் கதை. இதில் மீட்பு இல்லை.

அந்நூலின் நான்காவது கதை பதிப்பாளரின் வேண்டுகோளால் பின்னர் எழுதிச் சேர்க்கப்பட்டது. அதில் கார்டன் பழுதாகி நிற்க, எட்வர்டால் தனியே வண்டியை இழுக்க முடியவில்லை. சுவர் இடிக்கப்பட்டு ஹென்றி வெளியே அழைக்கப்படுகிறான். இருவரும் சேர்ந்து வண்டியை ஊர் சேர்க்கிறார்கள். அதன்பின் ஹென்றி மழைக்கு அஞ்சுவதில்லை. நம் திறனாய்வில் முக்கியமான இடம் இதுவே. மன்னிப்பு முதலில் கதைத் திட்டத்திலேயே இல்லை, பின்னிணைப்பாகவே வந்தது. ஆனால் பின்னிணைப்பாக வந்த அதுவே பிறகு இருபத்தாறு நூல்களுக்கும் முதுகெலும்பாயிற்று. குற்றம், விளைவு, வெட்கம், மறுவாய்ப்பு, மீண்டும் உறவு என்னும் படிகளில் கதைகள் நகர்கின்றன. ஒப்புரவு அருட்சாதனத்தின் படிகளை அறிந்த நமக்கு இந்த வரிசை அயலானதன்று. தம் என்ஜின்கள் தண்டிக்கப்படுவதுண்டு, மன்னிக்கப்படுவதுண்டு, உடைத்துப் போடப்படுவது மட்டும் இல்லை என்று ஆட்ரியே விளக்கியிருக்கிறார்.

ஹென்றியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1951-இல் வந்த நூலில் அவன் நோயாளி. அவனது தீப்பெட்டி சிறியது. சாதாரண நிலக்கரியில் போதிய நீராவி எழுவதில்லை. அவனை ஒழித்துவிட்டு வேறு என்ஜின் வாங்குவது எளிது. ஆனால், பருத்த கட்டுப்பாட்டாளர் என்று குழந்தைகள் அழைக்கும் அந்த மேலதிகாரி, விலையுயர்ந்த வேல்ஸ் நாட்டு நிலக்கரியை அவனுக்கென வரவழைக்கிறார். வலுவற்றவனுக்கு நியாயம் என்பது, வலுவுள்ளவனுக்குக் கொடுத்ததையே அவனுக்கும் கொடுப்பதன்று. அவனுக்கு வேண்டியதைக் கொடுப்பது. இத்துணைப் பெரிய சமூகப் படிப்பினையைக் கரியையும் நீராவியையும் கொண்டே சொல்லிவிடும் எளிமையை நாம் வியக்கிறோம்.

பழைய இரும்பு

1948-இல் பிரிட்டனின் இரயில்வே நாட்டுடைமையானபோது, அதனிடம் 20,000-க்கும் மேற்பட்ட நீராவி என்ஜின்கள் இருந்தன. 1955-இல் நவீனமாக்கும் திட்டம் வந்தது. 1963-இல் பீச்சிங் அறிக்கை 2,363 நிலையங்களையும் ஏறத்தாழ 5,000 மைல் பாதையையும் மூடப் பரிந்துரைத்தது. 1968 ஆகஸ்டு 11-ஆம் நாள் முதன்மைப் பாதைகளில் இரயில்வேயின் கடைசி நீராவிப் பயணம் நடந்து முடிந்தது. இருபது ஆண்டுகளில் ஓர் உலகமே உலைக்குள் போயிற்று. ஆட்ரி எழுதிக்கொண்டிருந்தது இந்த ஆண்டுகளிலேதான். தொடக்க நூலில் இயக்குநராக இருந்தவர் நாட்டுடைமைக்குப் பின் கட்டுப்பாட்டாளர் ஆகிறார் என்றால், வெளியுலகின் வரலாறு தீவின் கரையில் எவ்வாறு மோதிக்கொண்டிருந்தது என்பது புரியும்.

ஆகவே, இந்நூல்களைக் கவலையற்ற பொற்காலத்தின் ஓவியம் என்று நினைவுகூர்பவர்கள் பாதியைத்தான் நினைவுகூர்கிறார்கள். 1968-இல் வெளியான நூலில் கார்டன் துயரத்தில் ஆழ்ந்திருக்கிறான். தன் வகையைச் சேர்ந்த உடன்பிறப்புகள் யாவரும் உடைக்கப்பட்டுவிட்டார்கள். எஞ்சியவன் 'பிளையிங் ஸ்காட்ஸ்மன்' ஒருவனே. அவனைத் தீவுக்கு வரவழைத்துக் கட்டுப்பாட்டாளர் கார்டனைத் தேற்றுகிறார். அதே நூலில், இரவுச் சரக்கு வண்டியுடன் தீவுக்கு வெளியே செல்லும் டக்ளஸ், உடைப்பவர்களுக்கு அஞ்சி ஒளிந்திருக்கும் ஆலிவர் என்னும் என்ஜினைக் கண்டு, அதைத் தீவுக்கு இழுத்து வருகிறான். எல்லையைக் கடக்குமுன் விளக்கொளியில் சோதிக்கப்படும் அந்தக் காட்சி, அகதிகளின் கதைகளை அறிந்த எவருக்கும் நெஞ்சை உலுக்கும். குழந்தை நூலுக்குள் ஆசிரியர் வைத்த கசப்புக் கீரை இது.

இவ்வரிசையில் நமக்கு மிக நெருக்கமான கதை 1954-இல் வெளியானது. டிரெவர் என்னும் பழைய நீராவி இழுவை வண்டி அடுத்த வாரம் உடைக்கப்பட இருக்கிறது. அவனைச் சந்திக்கும் எட்வர்டு எவரிடம் உதவி தேடுவது என்று எண்ணி எண்ணி, கடைசியில் பங்குக் குருவிடம் சொல்கிறான். குரு அவனை வாங்கித் தம் இல்லத்துப் பழத்தோட்டத்தில் வைக்கிறார். குளிர்காலத்தில் டிரெவர் விறகு அறுக்கிறான். கோவில் விழா நாளன்று குழந்தைகளை ஏற்றிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வருகிறான். அந்த நாளை நினைத்து நெடுங்காலம் கண்மூடி மகிழ்கிறான். குரு ஒருவர் எழுதிய கதையில், குரு ஒருவர் செய்யும் ஒரே வேலை, எவரும் வேண்டாம் என்றதை வேண்டும் என்பதுதான். திருப்பணிக்கு இதைவிடச் சிறந்த விளக்கம் சிறுவர் இலக்கியத்தில் உண்டா என்று நாம் கேட்க விழைகிறோம்.

பயன் என்னும் அளவுகோல்

பாராட்டிய நாம் இங்கே ஒரு வினாவையும் எழுப்பியாக வேண்டும். சோடோர்த் தீவில் ஓர் என்ஜினுக்குக் கிடைக்கும் உயர்ந்த பட்டம், 'உண்மையில் பயனுள்ள என்ஜின்' என்பது. அந்தச் சொல்லுக்காகவே எல்லா என்ஜின்களும் உழைக்கின்றன. டிரெவர் காப்பாற்றப்படுவதும் தோட்டத்தில் அவனுக்கு ஏதோ வேலை இருப்பதாகக் காட்டப்படுவதாலேயே. பயன் முற்றிலும் தீர்ந்துவிட்டால்? விறகு அறுக்கவும் குழந்தைகளைச் சுமக்கவும் முடியாத நாள் வந்தால்? இந்த வினாவின் வாயிலில் வந்து நின்றுவிடுகின்றன ஆட்ரியின் நூல்கள்.

நற்செய்தி அந்த வாயிலைக் கடக்கிறது. மாலை ஐந்து மணிக்கு வந்து ஒரு மணி நேரம் மட்டுமே உழைத்தவருக்கும் முழுக்கூலி கொடுத்த திராட்சைத் தோட்ட உரிமையாளரை நாம் அறிவோம். தூரத்திலேயே மகனைக் கண்டு ஓடிச் சென்று தழுவிய தந்தை, அவன் இனிப் பயன்படுவானா என்று கேட்கவில்லை. சிலுவையில் தொங்கிய நல்ல கள்வனால் யாருக்கும் இனி ஒரு பயனும் இல்லை. அவனுக்கே அன்றைய தினமே வீட்டின் கதவு திறந்தது. அருள் என்பது பயனுக்கு முந்தியது. நோயில் பூசுதல் அளிக்கச் சென்று திரும்பும் எந்தக் குருவும் வீடுகளில் கேட்கும் சொல் ஒன்று உண்டு: 'நான் இனி எதற்குச் சாமி, யாருக்குப் பாரம்?' பயனுள்ளவராக இருந்து பழகியவர்கள் பயனற்றுப் படுக்கும்போது எழுப்பும் இந்தக் குரலுக்குச் சோடோர்த் தீவில் முழு விடை இல்லை. எனினும், ஒரு நல்ல கேள்வியின் வாயில்வரை குழந்தையின் கையைப் பிடித்து அழைத்து வந்தது சிறு செயலன்று. மீதி வழியைப் பெற்றோரும் மறைக்கல்வி ஆசிரியர்களும் அழைத்துச் செல்லலாம்.

வேறு குறைகளும் உண்டு. என்ஜின்கள் யாவரும் பெரும்பாலும் ஆண்கள். பின்னால் இழுபட்டு வரும் பெட்டிகள் பெண்கள். சரக்குப் பெட்டிகள் எப்போதும் அறிவற்ற கும்பலாகவே காட்டப்படுகின்றன. அவற்றை இடித்தும் அதட்டியும் ஆள்வதே முறை என்று கதை கூறுகிறது. உழைப்பாளரைப் பற்றிய மேட்டுக்குடிப் பார்வை இதில் படிந்திருக்கிறது. 1951-ஆம் ஆண்டு நூலில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல் இருந்தது. எதிர்ப்பு எழுந்தபின் 1972-இல் அது நீக்கப்பட்டது. இளமையில் படித்த நூலில் குறை காண்பது நன்றிகெட்ட செயல் என்று சிலர் கருதுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. குறையையும் சேர்த்து நினைப்பதே நேர்மையான நினைவு. தம் பாவங்களையும் மறைக்காமல் நினைவின் விரிந்த அரங்குகளில் இறைவனைத் தேடிய புனித அகுஸ்தினார் இதில் நமக்கு ஆசிரியர்.

1984-இல் இக்கதைகள் தொலைக்காட்சிக்கு வந்தன. முதலில் உண்மையான மாதிரி இரயில்களை ஓடவிட்டே படம் பிடித்தார்கள் என்பது போற்றத்தக்கது. ஆனால் புதிய கதைகள் தேவைப்பட்டபோது, இரயில்வே விதிகளை அறியாத கதைகள் நுழைந்தன. அதை முதிய ஆசிரியர் வெளிப்படையாகவே குறைகூறினார். விதியில் என்ன இருக்கிறது என்று நாம் கேட்கலாம். தண்டவாளம் என்னும் கட்டுப்பாடு இருந்ததால்தான் அவருடைய என்ஜின்களின் பிழை பிழையாக இருந்தது. எங்கும் போகலாம், எதுவும் நடக்கலாம் என்றாகிவிட்டால் பிழையும் இல்லை, மன்னிப்பும் இல்லை. வண்ணமும் விற்பனையுமே எஞ்சும். ஹார்ன்பி பட்டியலின் பிற்பகுதி வேறு உருவில் திரும்பி வந்துவிடுகிறது.

நினைவு என்னும் உழைப்பு

ஆட்ரி ஏக்கத்தில் அமர்ந்துவிடவில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று. வேல்ஸ் நாட்டின் தாலிலின் இரயில் பாதை மூடப்பட இருந்தபோது, 1951-இல் தன்னார்வத் தொண்டர்கள் அதை ஏற்று நடத்தினார்கள். உலகில் அவ்வாறு காப்பாற்றப்பட்ட முதல் இரயில்வே அது. அடுத்த ஆண்டிலேயே ஆட்ரி அங்குச் சென்று கார்டு வேலை பார்த்தார். அந்த அனுபவம் 1955-இல் நூலாயிற்று. அதைப் படித்த சிறுவர்கள் வளர்ந்து, துருப்பிடித்த என்ஜின்களைத் தேடிச் சென்றார்கள். வேல்ஸில் பாரி என்னும் ஊரின் பழைய இரும்புக் கிடங்கிற்கு வந்த 297 நீராவி என்ஜின்களில் 213 என்ஜின்கள் மீட்கப்பட்டன. மீட்டவர் அனைவரும் ஆட்ரியின் வாசகர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும், பழைய இரும்புக்கும் ஒரு முகம் உண்டு என்று ஒரு தலைமுறைக்குக் கற்பித்தவர்களில் அவர் முதல்வர். 1997 மார்ச் 21-ஆம் நாள் அவர் இறந்தார். அவருடைய படிப்பறை இன்று அந்தத் தாலிலின் இரயில்வேயின் அருங்காட்சியகத்தில் மீண்டும் அமைக்கப்பட்டிருக்கிறது.

இவ்வரிசையில் 1964-இல் வந்த மலை என்ஜின்களின் கதைகளைப் படிக்கும் தமிழருக்கு ஓர் உறவு புலப்படும். அக்கதைகளுக்கு மூலமான வேல்ஸ் நாட்டின் ஸ்னோடன் மலை இரயிலின் பழைய நீராவி என்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. பற்கள் கொண்ட நடுத்தண்டவாளத்தைப் பற்றி ஏறும் நம் நீலகிரி மலை இரயிலின் புகழ்பெற்ற பழைய என்ஜின்களும் அதே தொழிற்சாலையில் பிறந்தவையே. 2005-இல் யுனெஸ்கோ நீலகிரி இரயிலை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மரபுச் சின்னம் என்ற பெயரோடு அதைக் கண்ணாடிப் பேழையில் வைத்துவிடவில்லை. 2011 முதல் திருச்சி பொன்மலைப் பணிமனையின் தொழிலாளர்கள் அதே வகையில் புதிய நீராவி என்ஜின்களைச் செய்து மலைக்கு அனுப்பினார்கள். பழையதை நினைத்தவர்கள் கையை அழுக்காக்கிக்கொண்டு உழைத்ததால், இன்றும் அங்கே புகை எழுகிறது.

திருப்பலியில் நாம் நினைவுகூர்வதும் இத்தகையதே. நம் ஆண்டவரின் பாடுகளை நாம் ஏக்கத்தோடு திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் கட்டளைப்படி அதைச் செய்கிறோம். செய்யும்போது அது நம்மிடையே நிகழ்கிறது. நினைவு என்னும் சொல்லுக்குத் திருச்சபை தரும் பொருள் இதுவாக இருக்க, இளமையின் நூல்களை நாம் எவ்வாறு நினைவுகூர வேண்டும் என்பதும் விளங்கும். பேரக்குழந்தை கேட்டால், அலமாரியின் பழைய நூலைக் கொடுத்துவிடுங்கள். அட்டை கிழியலாம், பக்கத்தில் பால் சிந்தலாம், சந்தையில் அதன் விலை குறையலாம். டிரெவரின் கதை வரும்போது மட்டும் சற்றே நிறுத்தி, அவனால் விறகு அறுக்க முடியாமல் போனாலும் அந்தக் குரு அவனை வைத்துக்கொண்டிருப்பாரா என்று குழந்தையிடம் கேளுங்கள். குழந்தை தரும் விடையைப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் பாட்டியும் கேட்கட்டும்.